சத்தம் வரும், போகும்

இந்தப் போனில் சார்ஜ் நன்றாக நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் போட்டது, இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. என்னுடையதாக இருந்தால் விடிவதற்குள் கண்ணை மூடியிருக்கும்.

அம்மா, நீங்கள் அனுப்பியதையெல்லாம் படித்தேன். 'இன்று செஷனுக்கு வரவில்லையே, நலம்தானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். பிறகு, 'முடியும்போது ஒரு வரி போடுங்கள், போதும்' என்று. நல்ல மனசு உங்களுக்கு. ஒரு வரியில் அடங்காது என்பதால் கொஞ்சம் நீளமாகவே போடுகிறேன். ஒற்றை விரலால் அழுத்துகிறேன். எழுத்து எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் போனுக்குச் சொந்தக்காரரான சூப்பர்வைசர் இல்லை. அவருக்குக் கீழே சுமை தூக்குகிறவன். 'அந்தப் பையனோட அண்ணன் இங்கேயேதான் வேலை செய்யுறாரு, அவர் முகத்தைப் பாக்கவே முடியல' என்று உங்களிடம் சொல்வாரே, அந்த அண்ணன். கையுறை போட்ட கையால் போனைத் திறக்க முடியாது என்று பூட்டு எண்ணை அவரே என்னிடம் சொல்லி வைத்திருந்தார். திருடியதாக நினைக்காதீர்கள்.

எங்கள் வேலை குளிர்கிடங்கில். உறைந்த மீனும் இறைச்சியும் காய்கறியும் அட்டைப்பெட்டியில் வரும். உள்ளே அடுக்குவோம், கேட்டபோது வெளியே இழுப்போம். மூச்சு விட்டால் மீசையில் பனி ஒட்டுகிற குளிர். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே சூடுகாயும் அறையில் என்று மாறி மாறி வேலை. என் தம்பியும் அங்கேதான் இருந்தான். என்னைவிட வாய் அதிகம், கையும் வேகம். "அண்ணே, நாமெல்லாம் செத்தாலும் கெட்டுப்போக மாட்டோம்" என்பான். அப்படிப்பட்ட பேச்சு.

ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில், சரிந்த அடுக்கொன்றை நேராக்க உள்ளே போனான். சூப்பர்வைசர் கதவருகே நின்று, "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு குரல் கொடுத்தார். உள்ளே காற்றாடி ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. பதில் இல்லை என்று கதவைச் சாத்தினார், விளக்கை அணைத்தார், வீட்டுக்குப் போனார். காலையில் திறந்தபோது தம்பி கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். விரல் முட்டிகளில் தோல் இல்லை. ஒரு சாண் தடிமன் உள்ள கதவு அது. வார்த்தை வெளியே வராது. தட்டினால் மட்டும், தூரத்தில் யாரோ துணி துவைப்பது போலக் கேட்கும். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

விசாரித்து, 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் நான் எழுத்தே கற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கதவின் உட்புறம் ஒரு கைப்பிடி வைத்தார்கள்; அழுத்தினால் திறக்கும். ஆனால் அதில் ஐஸ் பிடித்து இறுகிவிடும். தினமும் சுரண்டிவிட வேண்டும். அந்த வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். "அண்ணன்தான் இதைச் சரியாச் செய்வார்" என்று சூப்பர்வைசரே சொன்னார்.

அதற்குப்பிறகு அவர் ஆள் ஆளாக இல்லை. கதவைச் சாத்துவார், பத்தடி போவார், திரும்பி வந்து திறப்பார், கூப்பிடுவார், சாத்துவார், மறுபடியும் வருவார். எங்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார். பஸ் ஏறிய பிறகும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு எண்ணுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவருக்கு 'ஒன்ஸ்மோர்' என்று பேர் வைத்தான்.

"ஒன்ஸ்மோர் வர்றாருப்பா. உயிரோட இருக்கிறவங்கெல்லாம் கையைத் தூக்குங்க. மனுஷன் வீட்டுக்குப் போகணும்ல."

வீட்டிலும் அப்படித்தானாம். ராத்திரியில் எழுந்து எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா, மனைவி மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பாராம். அந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா வீட்டோடு போய்விட்டாள். இதெல்லாம் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவர் அப்படியே இருந்திருந்தால் நானும் அப்படியே இருந்திருப்பேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

வாரம் ஒருமுறை, விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், எல்லாரும் கிளம்பிய பிறகு பலகைத் தடுப்பு போட்ட தன் அறையில் உட்கார்ந்து போனில் உங்களோடு பேசுவார். காதில் வைத்தால் குரல் மண்டைக்குள் ஏறி உட்காருகிறது என்று ஸ்பீக்கரில் போடுவார். பலகைக்கு இந்தப் பக்கம் சூடுகாயும் அறை. தம்பி போன பிறகு நான் அங்கேயே தங்குகிறவன், போக வேறு இடமில்லை. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். காதில் விழுந்தது.

அவர் "டாக்டர்" என்றால், "டாக்டர் இல்லைங்க, மனநல ஆலோசகர். உங்ககூட உக்காந்து கேக்குற ஆள்" என்பீர்கள். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்பீர்கள். அப்புறம் அவர் அழுது முடிக்கிறவரை பேசாமல் இருப்பீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் பேசாமல் இருப்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. நானும் இந்தப் பக்கம் அசையாமல் இருப்பேன்.

ஒரு நாள் என் தம்பி கதையை முழுவதும் சொன்னார். முட்டியில் தோல் இல்லாததுவரை சொன்னார். நீங்கள் சொன்னீர்கள்: "அது ஒரு விபத்து. உங்க தப்பு இல்லை. நீங்க உங்களை மன்னிச்சுக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மன்னிப்பு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்பது பழமொழி. கடைக்காரன் நான் பலகைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தம்பி மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"அவரு நம்ம வாசல்ல வந்து நின்னு அழுதுட்டுப் போனாரு மாமா. அழுறவங்களை என்ன பண்ண முடியும்? விடுங்க" என்றாள்.

"நீ விட்டுட்டியா?"

"நான் புள்ளைங்களைப் பாக்கணும். நீங்க கண்ணாடியில உங்களைப் பாத்தீங்களா மாமா? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. சாப்பிட்டுப் போங்க."

சாப்பிடவில்லை. பிறகு அவள் வீட்டுக்கும் போகவில்லை.

கிடங்கின் பின்சுவரில் தண்ணீர் வடிகிற குழாய் ஒன்று இருக்கிறது. ஐஸ் அடைத்தால் கட்டையால் தட்டி உடைப்பேன். ஒரு சாயங்காலம் அப்படித் தட்டினேன். முன்பக்கம் அவர் அப்போதுதான் கதவைச் சாத்தியிருக்கிறார். பதறித் திறந்து, உள்ளே ஓடி, ஒவ்வொரு அடுக்காகத் தேடியிருக்கிறார். நான் சுற்றிக்கொண்டு போனபோது பேயறைந்தவர் போல நின்றார்.

"அண்ணே, உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே சார்" என்றேன்.

வேண்டுமென்றே சொல்லவில்லை, வாயில் வந்தது. வந்த பிறகு அது சரியான பதிலாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் அவ்வப்போது தட்டினேன். தினமும் தட்டினால் பழகிவிடும். குளிரில் வேலை செய்கிறவனுக்குப் பழக்கத்தின் குணம் தெரியும். விட்டு விட்டுத்தான் தட்டினேன். அவர் உங்களிடம் சொன்னார். சத்தம் கேட்கிறது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று கேட்டார். நீங்கள் அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தீர்கள்.

"அது உங்க பயம் போடுற சத்தம். ஒரு தடவை பாருங்க, ஒரு தடவை கூப்பிடுங்க, சாத்துங்க. அப்புறம் சத்தம் வந்தா வரட்டும். வரும், போகும். திரும்பிப் போய்த் திறக்காதீங்க. நின்ன இடத்துலயே மூச்சை மெதுவா விடுங்க."

அவர் செய்தார். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன். அடுத்தடுத்த வாரங்களில் நடுக்கம் குறைந்தது. நான் தட்டத் தட்ட அவர் தேறினார் அம்மா. நான் வைத்த விஷத்தை நீங்கள் வேளாவேளைக்கு மருந்தாக்கிக் கொடுத்துவிட்டீர்கள். முகத்தில் ரத்தம் ஓடியது. ஃபோர்க்லிஃப்ட்காரன், "என்ன சார், இப்பல்லாம் ஒரே ஷோதானா?" என்று கேட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

போன வாரம் ஒரு காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ராத்திரி அசந்து தூங்கிட்டேன். எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"நல்லது சார்."

"நீங்களும் அந்தம்மாகிட்ட ஒருதடவை பேசிப் பாருங்களேன். உங்களுக்கும் உள்ள எவ்வளவு இருக்கும். நான் நம்பர் தர்றேன்."

அன்பாகத்தான் சொன்னார். என் தம்பி கதவை ஒட்டி உட்கார்ந்தே இருக்கிறான். இவர் அசந்து தூங்கி எழுந்துவந்து எனக்கு நம்பர் தருகிறார். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அன்றிலிருந்து கைப்பிடியில் ஐஸ் சுரண்டவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவரிடம், "சார், கடைசி மூலையில ஒரு அடுக்கு சாஞ்சிருக்கு" என்றேன்.

"நான் பாத்துக்குறேன் அண்ணே. நீங்க போய்ச் சூடுகாயுங்க."

"கோட்டு போட்டுக்கலையா?"

"ஒரு நிமிஷ வேலைக்கு எதுக்கு? அந்தம்மா கூப்பிடுறதுக்குள்ள வந்துடுவேன்."

போனை மேசையில் சார்ஜில் வைத்துவிட்டுப் போனார். பழைய ஒன்ஸ்மோராக இருந்தால் என்னைக் கதவிலேயே நிற்கச்சொல்லி, நான் நிற்கிறேனா என்று நாலு தடவை எட்டிப் பார்த்திருப்பார். தேறிய மனிதர் வெறும் சட்டையோடு நேரே உள்ளே போனார்.

நான் கதவருகே நின்று, "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு குரல் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கொடுத்திருக்கக்கூடிய அளவு குரல், கூடவுமில்லை குறையவுமில்லை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. சாத்தினேன். விளக்கையும் அணைத்தேன். 'வெளியேறும்போது விளக்கை அணைக்கவும்' என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. வரட்டும் என்று இருந்தேன். நின்ற இடத்திலேயே மூச்சை மெதுவாக விட்டேன். நீங்கள் சொன்னது உண்மைதான், கை நடுக்கம் தானாக அடங்குகிறது. அப்போதுதான் மேசைமேல் போன் அடித்தது. நீங்கள்தான். அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. அம்மா, நீங்கள் கூப்பிட்டபோது அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு சத்தத்தையும் ஒன்றாகக் கேட்டது நான் ஒருவன்தான்.

வாசல் காவலாளி வந்து கேட்டான். சூப்பர்வைசர் பின்வழியாகப் போய்விட்டார் என்றேன். அவன் போனதும் கதவை ஒட்டி ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். ஒருமுறை மட்டும் பதிலுக்குத் தட்டினேன். ஏன் என்று தெரியவில்லை, கை போய்விட்டது. உடனே அவர் வேகமாக, விடாமல் தட்டினார். அதற்குப்பிறகு நான் தட்டவில்லை. விடியுமுன் நின்றுபோனது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை பக்கத்தில் ஆள் இருந்தது. என் தம்பிக்கு அதுகூட இல்லை.

இது பழி இல்லை அம்மா. விபத்து என்று நீங்களே பேர் வைத்தீர்கள், அந்தப் பேரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. யாரையாவது அனுப்பலாமா என்று நீங்கள் இந்நேரம் யோசிப்பீர்கள். எந்த ஊருக்கு அனுப்புவீர்கள்? நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர் உங்களிடம் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எங்களுக்கும் தெரியாது. இன்று விடுமுறை. நாளைக் காலையில் ஃபோர்க்லிஃப்ட்காரன் வந்து திறப்பான். வருகிறவர்களிடம் இதையெல்லாம் இதே மாதிரி சொல்லிவிடுவேன், ஒன்றும் ஒளிக்க மாட்டேன். திரும்பிப் போய்த் திறக்க வேண்டாம் என்று சொன்னது நீங்கள். இருந்தாலும் உங்கள் தப்பு இல்லை. நீங்கள் உங்களை மன்னித்துக்கொள்ளலாம். அவருக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிப் பாருங்கள்.

எனக்குப் பாரம் ஒன்றும் இல்லை. வேலையை முடித்த அலுப்பு மட்டும்தான். தூக்கமும் வந்திருக்கும், இந்தப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வரவில்லை.

நாளைக் காலைவரை இது என்னிடம்தான் இருக்கும். சொல்வதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. இருந்தாலும் கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.