மதீனா டீச்சர் மந்தையில் விரித்த துணி

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, கொடைக்கானல் பஜாரில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் டீச்சரின் கணவர் ஷபீர் பாய் அவர்களே, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாய்மார்களே! பூம்பாறை பொன்னுவேலின் வணக்கம்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் பேச ஏறினால் மைக்செட்டுக்காரன்தான் முதலில் களைத்துப்போவான். இன்று ஏறியிருப்பது இரங்கல் மேடை. யாரை இழந்தோம்? பத்தொன்பது வருஷம் நாயுடுபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நம் அங்கன்வாடி டீச்சர், மதீனா பீவி அவர்களை இழந்தோம்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்ன நிலைமை? நம் பிள்ளைகள் ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்தன. என் பேத்தி கலைமணிக்குப் பத்து மாதம், தவழக்கூடத் தெம்பில்லை. டீச்சர்தான் இரும்புச்சத்துத் தூள் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு ஒன்று, பிள்ளை சாப்பிடும் சோற்றில் கலக்க வேண்டும். அவ்வளவுதான் சோலி.

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு மலம் கரியாகக் கறுத்தது! "குடல் வெந்துபோச்சு" என்று முதலில் கத்தியவன் யார்? நான்தான். எதிலும் நான்தான் முதல்! வீடு வீடாகப் பொட்டலங்களைப் பிடுங்கி என் பூண்டுக்காட்டில் கொட்டினேன். அந்த வருஷம் பூண்டு ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன்!

மறுநாள் வெள்ளனே டீச்சர் ஊர் கூடும் மந்தைக்கு வந்தார். பத்தாயிரம் பேர் கூடியிருந்தோம். தலைவர் சிரிக்கிறார். சரி, நூறு பேர்.

"ஏம்மா, எங்க புள்ளைகளக் கொல்லப் பாக்குறியா?" என்றேன்.

டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து எல்லார் முன்னாலும் விரித்தார். அவர் சொந்தப் பேத்தி அல்மாஸின் பீத்துணி!

"நல்லாப் பாருங்கண்ணே. எம் பேத்திக்கும் இதே தூளு, இதே கறுப்பு. ஒடம்புல ஒட்டாத இரும்பு வெளிய போகுது, அம்புட்டுத்தான். புள்ள வீட்ல குதியாட்டம் போடுறா."

"நாத்தம் தாங்கலயே தாயி!"

"ஒங்க பேத்தி இப்பிடியே வெளுத்துக் கெடந்தா அதத் தாங்குவீகளாண்ணே?"

என் மருமகள் ஜெயாதான் முதலில் கை நீட்டினாள்: "மாமா, நீங்க சும்மா இருங்க. டீச்சர், எனக்குக் குடுங்க."

மூன்றே மாதம்! ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஏழில் கிடந்த ரத்த அளவு பத்தரை! கலைமணி தவழ்ந்தாளா? பறந்தாள் ஐயா, பறந்தாள்! இன்று காலை என் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். அது யார் கொடுத்த தெம்பு? மதீனா டீச்சர் கொடுத்த தெம்பு!

போன வாரம் நெஞ்சுவலி டீச்சரைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பையை எடுப்பது யார்? ஜெயா எடுத்துவிட்டாள். அவள் பின்னால் வீடு வீடாக நடப்பது யார்? அதிலும் நான்தான் முதல்! சுடுசோற்றில் தூளைப் போடாதீர்கள், ஆறவிட்டுக் கலக்குங்கள் என்று இந்தத் தொண்டை ஊரெல்லாம் முழங்கும். பிடுங்கிய கைதான் இனிமேல் கொடுக்கும்.

கறுப்பைக் கண்டு இன்னும் பயப்படுகிறவர்கள் நாளை வெள்ளனே மந்தைக்கு வாருங்கள். என் புதுப் பேரனுக்கு ஆறு மாதம் முடிந்து, முந்தாநாள் முதல் பொட்டலம் பிரித்தாயிற்று. துணியோடு நிற்பேன்!