உதைக்கிற எறும்பு

யார் வீட்டில் சண்டை நடந்தாலும் என் ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும். இந்தப் பழக்கத்தை வைத்து என்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள் சார். நான் மறுக்கவில்லை. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்ததிலேயே, முன்மேசை அம்மாவுக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரிந்துவிட்டது. கண் இருக்கிறது, பார்க்கிறேன். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது என் தங்கை வீட்டுக்காரர் விஷயம். அதற்கு முதலில் எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது சரக்குக் கிடங்கில். அங்கே மூட்டையும் பெட்டியும் தூக்குவது ஆட்கள் இல்லை. முழங்கால் உயரத்தில் நாற்பது தானியங்கி வண்டிகள். ஒவ்வொன்றும் இரும்பு பீரோ கனம். அவற்றுக்கு மூளை செய்தவர்கள் எறும்பைப் பார்த்துச் செய்ததால் எல்லோரும் எறும்பு என்றே கூப்பிடுவோம். நிஜ எறும்புகளையும் மேல்மாடியில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார்கள். அதற்கு ஒரு சுருட்டைமுடி ஆராய்ச்சிக்காரி. கல்யாணம் ஆகவில்லை, எறும்புக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் அக்கறையில் கால்வாசியை மனிதர்மேல் வைத்திருந்தால் ஆகியிருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் நான் போய் நிற்பேன், அவளும் சொல்லித்தருவாள். எறும்புக்கூட்டத்தில் உத்தரவு போடும் தலைவன் கிடையாதாம். ஒன்று போன வழியில் வாசனை விடும், மற்றது அதைப் பிடித்துப் போகும். எந்த எறும்புக்கும் முழு விஷயம் தெரியாது, ஆனால் வேலை நடந்துவிடும். எங்கள் தெருவும் அப்படித்தான் நடக்கிறது என்று சொன்னேன். சிரித்தாள்.

ஒருநாள் அவள் காட்டியதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். செத்த எறும்பிலிருந்து இரண்டு நாளில் ஒரு வாசனை வருமாம். அது வந்தால் மற்றவை அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். அவள் அந்த வாசனையில் ஒரு சொட்டை உயிரோடிருந்த எறும்பின்மேல் வைத்தாள். நல்ல திடமான எறும்பு. நாலு எறும்புகள் வந்து அதைத் தூக்கின. அது உதைத்தது, திமிறியது, குப்பையில் விழுந்து எழுந்து திரும்பி வந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு போயின. யாருக்கும் அதன்மேல் கோபம் இல்லை. உதைக்கிறதே, உயிர் இருக்குமோ என்று எந்த எறும்பும் நின்று யோசிக்கவில்லை.

கிடங்கிலும் அதையே அப்படியே வைத்தார்கள். எங்கள் வண்டிகளுக்கு மூக்கு இல்லை. டேக் என்று ஒரு சின்ன வில்லை, அது விடும் சமிக்ஞைதான் வாசனை. சரக்குக்கு ஒரு வாசனை. ஆளுக்கு ஒரு வாசனை, அதைக் கண்டால் வண்டி ஒதுங்கி நிற்கும். உடைந்த பெட்டி, நொறுங்கிய பலகைக்குப் பிண வாசனை. அதை ஒட்டினால் வண்டிகள் கூடித் தள்ளிக்கொண்டுபோய் வடக்கு மூலைக் குழியில் போடும். குழிக்குள் நசுக்கும் இயந்திரம். எடை விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும். எறும்பு கேட்காத கேள்வியை வண்டியும் கேட்கவில்லை. டேக்குகளில் வாசனை ஏற்றி, உள்ளே போகிறவர்களின் பச்சை ஜாக்கெட்டில் செருகிக் கொடுப்பது என் வேலை. ஒன்பது வருஷமாக ஒரு தப்பு வந்ததில்லை.

இனி தங்கைக்கு வருகிறேன். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. தலை வாரிவிட்டதும் எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் நான். கிடங்கு மெக்கானிக் கேட்டபோது கட்டிக்கொடுத்ததற்குக் காரணமே, அவர் எதிர்வீட்டுக்குக் குடிவரச் சம்மதித்ததுதான். மனுஷன் மோசமில்லை. குளிக்கும்போது சுருதி சேராமல் பாடுவார், செருப்பைக் கண்ட இடத்தில் விடுவார். அதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ரயிலில் இரண்டு நாள் தூரம். திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது.

நான் போனபோது தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "நீ நல்லாத்தான் இருப்பேக்கா. எனக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும்."

வாய் அவளுடையது, பேச்சு அவருடையது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவளாக அப்படிப் பேசத் தெரியாது. அவள் மடித்த துணியை நான் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அவள் மறுபடி எடுத்து மடித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தோம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழாவது வரிசையில் ஒரு வண்டிக்குச் சக்கரம் சிக்கிக்கொண்டது. அவர் ஜாக்கெட் வாங்க என் மேசைக்கு வந்தார். வழக்கம்போலக் கிண்டல்.

"என்னக்கா, திங்கட்கிழமைக்கு அப்புறம் யாரைப் பிடிச்சு விசாரிப்பே?"

"ஆள் வராமலா போயிடும். கையை நீட்டுங்க மாப்பிள்ளை."

ஜிப்பை நானே கழுத்துவரை ஏற்றிவிட்டேன். அவருடைய ஆள் டேக்கைக் கழற்றி என் இழுப்பறையில் வைத்திருந்தேன். அங்கேதான் உங்களுக்குக் கிடைத்தது. வேறு எங்கே வைப்பது? எண் போட்ட சாமான்.

என் மேசைத் திரையில் கேமரா எல்லாம் காட்டும். அவர் சக்கரத்தின் அருகே குனிந்ததும் முதல் வண்டி வந்தது. முதுகில் இடித்தது. அவர் சிரித்துக்கொண்டே அதன் தலையில் தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல. பிறகு ஆறு வண்டிகள் வந்தன. கணுக்கால் முறிந்த சத்தம் என் ஒலிபெருக்கியில் கேட்டது. காய்ந்த விறகை ஒடிக்கிற சத்தம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றின்மேல் ஏறித் தப்பிக்கப் பார்த்தார். அதுவும் நகர்ந்தது, விழுந்தார், இடது கை சக்கரத்தடியில் போனது. இரண்டு முறை ஊர்ந்து வரிசையைவிட்டு வெளியே வந்தார். இரண்டு முறையும் வண்டிகள் தேடி வந்து தள்ளிக்கொண்டு போயின. தரையில் ரத்தம் வழுக்கியதால் வண்டிகளுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

குழிக்குப் பத்தடி இருக்கும்போது அவருக்குப் புரிந்தது. மெக்கானிக் அல்லவா. ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கேமராவைப் பார்த்துக் கத்தினார்.

"அக்கா, என் டேக் தப்பா இருக்கு. நிறுத்துக்கா."

கடைசிவரை அது என் கைத்தவறு என்றே நினைத்தார். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. எல்லா வண்டிகளையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் வலது கைக்கு அருகில்தான் இருந்தது. நான் மைக்கை எடுத்தேன்.

"பார்க்கிறேன் மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுங்க."

பதினோரு நிமிஷம் ஆனது, ஆரம்பம் முதல் இயந்திரம் மூடும்வரை. நான் அவரைத் தொடவில்லை, குழிப்பக்கம் போகவுமில்லை. ஆனாலும் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுருட்டைமுடியை விட்டுவிடுங்கள். அவள் அழுது அழுது தொட்டி எறும்புகளைக்கூடப் பட்டினி போட்டுவிட்டாளாம்.

தங்கையை அன்று மாலையே என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மடித்த துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. இருபத்திரண்டு நாளாக உள்ளறையில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. தட்டை வாசலில் வைத்தால் சில நாள் எடுத்துக்கொள்வாள். துக்கம் ஆற நாளாகும், எனக்குத் தெரியாதா.

நீங்கள் இப்போது நீட்டுகிற புகார்க் காகிதத்தில் இருப்பது அவள் கையெழுத்துதான். சுழி போடும்போது அப்படித்தான் இழுப்பாள், எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். என் இழுப்பறையைப் பாருங்கள் என்று சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியிருக்கிறாள், பாவம். நான் போய்ப் பேசினால் சரியாகிவிடும். சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது சார். காலையில் கிளம்பும்போது சாவியைக்கூட எடுத்து வரவில்லை. கதவைத் திறக்கத்தான் அவள் இருக்கிறாளே.