காதைத் தொட்டால் கம்மி

மைக் செட்டுக்குச் சின்ன டிஜிட்டல் மிக்சர் வாங்குகிறவர்கள் அதன் குறைகளை முதலிலேயே நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும், சார். நான் யோசித்தேன். தருமனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லவும் செய்தேன்.

பார்ப்பதற்கு டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். கைவைத்துத் திருக ஒரு குமிழ்கூடக் கிடையாது, எல்லாம் டேப்லெட்டில்தான். வைஃபை போனால் போச்சு, மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டினால், அது திரும்ப உயிர் பெறுவதற்குள் ஒரு சரணம் முடிந்துவிடும். இன்னொன்று, பாஸ்வேர்டு தெரிந்த யாரும் தன் போனிலிருந்தே உள்ளே புகுந்துவிடலாம். திருவூடல் தெருவில் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். தருமன் சிரித்தான்.

“பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும் பாப்பாவுக்கும்தான்டா தெரியும். நம்மள மீறி எவன் வரப்போறான்? குமரேசா, நீ இன்னும் குமிழைத் திருவிகினே இருக்கணும்னு பாக்கற.”

தருமனும் நானும் கூட்டாக மைக் செட் வைத்திருக்கிறோம், உங்களுக்குத் தெரியும். பாப்பா என்று அவன் சொன்னது தேவிப்ரியாவை. எங்கள் குழுவில் அம்மன் பாட்டுப் பாடுகிற பெண். அவள் வாயைத் திறந்தால் கூழுக்கு நிற்கிற வரிசைகூடக் கலைந்து மேடைப் பக்கம் வந்துவிடும். பழைய மிக்சர் இருந்த காலத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரு ஜாடை உண்டு. விரலை மேலே காட்டினால் ஏற்ற வேண்டும். காதைத் தொட்டால் கம்மி பண்ண வேண்டும். கூட்டம் மொத்தமும் அவளைத்தான் பார்க்கும். அவள் பார்ப்பது என்னைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன் சார், எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு எந்த எண்ணமும் கிடையாது. அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

புது மிக்சர் வந்த அன்றைக்கே தருமன் அவள் போனில் ஏதோ போட்டுக் கொடுத்தான். தன் காதுக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதை அவளே வைத்துக்கொள்ளலாமாம். இயர்போனை இடது காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வாள், வலது காதில் ஜனங்களின் சத்தம் கேட்க வேண்டும் அவளுக்கு. போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

“அண்ணா, இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல. நானே பாத்துக்கறேன்.”

தொந்தரவு என்று நான் எப்போதாவது சொன்னேனா? டேப்லெட் தருமன் கைக்குப் போனது. எனக்கு ஒயர் சுற்றுகிற வேலை மிஞ்சியது. நிகழ்ச்சி முழுக்க அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் யோசித்து வைத்த குறைகளில் இது மட்டும் இல்லாமல் போயிற்று.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஆடித் திருவிழா. மிக்சரில் குறை இருப்பதை நிரூபித்துக் காட்டுவது, அவ்வளவுதான் என் நோக்கம். மேடைக்கு எதிரே நின்று என் போனில் உள்ளே போனேன். பம்பை மைக்கை அவள் காதுக்குத் திருப்பி, கொஞ்சம் ஏற்றினேன். அவள் மேடை நுனிக்கு வந்து ஆடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் போன் பின்னால் ஸ்டாண்டில் இருந்தது. அவள் முகம் சுளித்தது. போனுக்காகத் திரும்பவில்லை, தருமனையும் தேடவில்லை. பழைய வழக்கம், கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் காதைத் தொட்டாள்.

காதைத் தொட்டால் கம்மி. எனக்கு நன்றாகத் தெரியும். நான் முழுசாக ஏற்றினேன்.

காதுக்குப் போகிற சத்தம் ஓர் அளவைத் தாண்டாதபடி மிக்சருக்குள் ஒரு தடை போட்டிருப்போம். அது எப்படிக் காணாமல் போனது என்று தருமனைக் காலையிலிருந்து துளைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவனுக்குத் தெரியாது சார். மத்தியானம் எல்லோரும் கூழ் குடிக்கப் போனபோது எடுத்தவன் நான். வெறும் சோதனை என்றால் அதை எடுத்திருக்கவே வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தருமன் வேனுக்குப் பின்னால் போய் அழுதான். “என் கைதான் எங்கியோ பட்டுடுச்சுடா. பொண்ணு காதைக் கெடுத்துட்டேன்டா,” என்றான். நான் அவன் தோளில் கைபோட்டு, “நான்தான் அப்பவே சொன்னேனே, இது சரிப்பட்டு வராதுனு,” என்றேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை. அவள் வீட்டார் அவன்மேல் புகார் கொடுத்தபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று அவன் பெண்டாட்டி பாஞ்சாலை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்கண்ணா,” என்று கும்பிட்டாள். அதனால்தான் சொல்கிறேன். அவனை அனுப்பிவிடுங்கள்.

வேங்கிக்காலில் தேவிப்ரியாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை, காபி கொடுக்கச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

“அண்ணா, வலது பக்கமா வந்து உக்காருங்க. இந்தக் காது சுத்தமா கேக்கல,” என்றாள். அவள் அம்மா அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பரவாயில்லை என்று சொல்லி இடது பக்கமே உட்கார்ந்தேன். நேற்றும் போனேன், நேற்றும் அங்கேதான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால், நான் என்ன பேசினாலும் அவள் முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், சார்.