மூடாக்கு இல்லாமல்

காபி வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொன்னதும் நீங்கள் ஃபிளாஸ்கை மூடி வைத்துவிட்டீர்கள். அதிலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. அலபாமாக்காரர் என்று தபால் ஆபீஸ் மார்வா சொல்லியிருந்தாள். மார்வா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். இது நம்புகிற பாதி.

மினசோட்டாவில், அதுவும் கனடா எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், ஒன்றைக் கொடுக்க நினைப்பவர் மூன்று தடவை கேட்க வேண்டும். வாங்குகிறவர் முதல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எடுத்தவுடன் சரி என்பவனைப் பேராசைக்காரன் என்போம். இரண்டோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறவனை ஒன்றும் சொல்ல மாட்டோம். மறக்கவும் மாட்டோம்.

பரவாயில்லை, காபிக்காக நான் இந்த ஷெரிப் ஆபீஸுக்கு வரவில்லை. ஒரு தவறைத் திருத்த வந்தேன். போன ஜனவரியில் என் பக்கத்து வீட்டு வெர்லின் டோஃப்டே பனித் தரையில் விழுந்து இறந்துபோனார். உங்கள் அறிக்கையில் ‘அருகில் எவரும் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அது சரியில்லை. நான் செடி வளர்க்கிறவள். தப்பான பெயர்ச்சீட்டு குத்திய செடியை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

டேலிலிப் பூச்செடி உங்கள் ஊரிலும் இருக்கும். அங்கே குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். அதை இங்கே கொண்டுவந்து நட்டால் முதல் வருஷமே கூழாகிவிடும். குளிர் வந்ததும் மண்ணுக்குள் போய் அடங்கி, மே மாதம் எழுந்து வருகிற சாதியை நாங்களாகத்தான் உண்டாக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள். காலை பத்து மணிக்குள் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் நடுத்தண்டு நுனியில் தடவி, சீட்டுக் கட்டிவிட வேண்டும். விதை முற்ற இரண்டு மாதம். அப்புறம் அது ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். நாற்று பூக்க மூன்று வருஷம். நூறு நாற்றில் தொண்ணூற்றெட்டு உரக்குழிக்குப் போகும். “ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தா இந்நேரம் கிழடாகிச் செத்தே போயிருக்கும்” என்பார் என் கணவர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முப்பத்தொரு வருஷமாக நான் பெயர் வைத்துப் பதிவு செய்த ஒவ்வொரு செடியின் கீழும் ஒரே வரிதான் இருக்கும்: மூடாக்கு இல்லாமல் வளர்த்தது. வைக்கோல் பரப்புவது, சாக்கு போர்த்துவது எதுவும் கிடையாது. என் பாத்தி கார் ஷெட்டுக்குப் பின்னால், வேலியோரம் இருக்கிறது. நவம்பரில் அதற்கு முதுகைக் காட்டினால் மே மாதம்தான் திரும்பிப் பார்ப்பேன். நடுவில் எட்டிப் பார்ப்பதே செல்லம் கொடுப்பதுதான். பிழைப்பது பிழைக்கட்டும். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். இரண்டு பேரும் அரிசோனாவில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும்.

வெர்லின் அடுத்த வீட்டில் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் பாத்தி. நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. நான் தேடியும் பார்த்திருக்கிறேன். என் சமையலறை ஜன்னலில் ஒரு பைனாகுலர் இருக்கிறது, பறவை பார்க்க வாங்கியது. எங்கள் தெருவில் பறவைகள் குறைவு. மற்றபடி எனக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடந்ததில்லை. பாதிரியார் மனைவி தலைக்குச் சாயம் பூசுகிற கிழமைகூடத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வேண்டாத நாற்றுகளை நான் பிடுங்கி உரக்குழியில் எறிந்துகொண்டிருந்தபோது, வெர்லின் வேலியைத் தாண்டி வந்து ஒன்றைக் கையில் எடுத்தார்.

“ஆர்டிஸ், இது என்ன பாவம் பண்ணுச்சு?”

“சளி பிடிச்ச மாதிரி ஒரு மஞ்சள். அதப் போய் எவன் பாப்பான்?”

“நான் பாத்துட்டுப் போறேன்.”

“எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டு சோபா கலருக்குப் பொருத்தமா இருக்கும்.”

சிரித்துக்கொண்டே கொண்டுபோனார். அதை எதனுடனோ சேர்த்து, அதன் பிள்ளையை வேறு எதனுடனோ சேர்த்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில் ஒரு வெள்ளையைக் கொண்டுவந்துவிட்டார். டேலிலியில் வெள்ளை என்று விற்பதெல்லாம் கிட்டப் போய்ப் பார்த்தால் மோர் நிறம். இது ஆடை எடுத்த பால். முப்பத்தொரு வருஷமாக நான் தேடியது. நான் தூக்கி எறிந்ததிலிருந்து வந்தது.

அந்த வருஷம் எங்கள் டேலிலி சங்கத்துக்காரர்கள் தோட்டம் பார்க்க வந்த அன்று, எல்லார் முன்னாலும் பதிவுப் படிவத்தோடு என்னிடம் வந்தார். உயிரோடிருப்பவர் பெயரைப் பூவுக்கு வைக்க அவர் கையெழுத்து வேண்டும்.

“ஆர்டிஸ், இது உங்க செடியோட பேத்திதானே. உங்க பேரையே வெச்சிரலாமா?”

“ஐயோ, எனக்கு எதுக்கு அதெல்லாம்.”

“நிஜமாத்தான் கேக்குறேன். ‘ஆர்டிஸ் வெள்ளை’ன்னு. நல்லாருக்குல்ல?”

“வேண்டாம் வெர்லின். என் பேர்ல ஒரு பூவா? ஊரே சிரிக்கும்.”

காத்திருந்தேன். அவர் காதைச் சொறிந்தார். படிவத்தைப் பார்த்தார்.

“சரி, உங்க இஷ்டம்” என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதே நேரம் அவர் மனைவி ஜூனெல், ருபார்ப் கேக் துண்டுகள் அடுக்கிய தட்டோடு வந்தாள். அதை என்னிடம் மூன்று தடவை நீட்டினாள். மூன்றாவது தடவை ஒன்று எடுத்துக்கொண்டேன். கேக்குக்கு மூன்று தடவை, பெயருக்கு இரண்டு தடவை. வெர்லின் அலபாமாவில் பிறந்தவர் இல்லை. எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவர். தெரியாமல் செய்தார் என்று சொல்வதற்கில்லை.

செப்டம்பரில் பதிவாகிவிட்டது. பெயர் ‘ஜூனெல் ஜனவரி’. கீழே ஒரு வரி: மூடாக்கு இல்லாமல் வளர்த்தது.

பெயரைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு குளிர்காலமும் காலை எட்டு மணிக்கு வெர்லின் தன் வீட்டு வாசல்பாதையிலிருந்து பனியை வாரி, ஒரு தள்ளுவண்டியில் நிரப்பி, என் கார் ஷெட்டுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஷெட்டு மறைப்பதால் கொட்டுவது தெரியாது. அங்கே வேறு என்ன இருக்கிறது? அவர் பாத்திதான். பனியைவிட நல்ல மூடாக்கு கிடையாது. ஒரு முழம் பனிக்கு அடியில் செடி கம்பளிக்குள் படுத்த மாதிரி கிடக்கும். இதை நான் மார்வாவிடம் சொன்னேன். மார்வாவிடம் சொன்னால் போதும். வெர்லினிடம் கேட்கவில்லை. நேருக்கு நேர் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

போன குளிர்காலத்தில் பனி குறைவு, குளிர் அதிகம். செடிகளுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. வெர்லின் தரையைச் சுரண்டிச் சுரண்டி வண்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். பனியைச் சுரண்டினால் அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். ஜனவரி பதினாலு, செவ்வாய்க்கிழமை, எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வழுக்கி விழுந்தார். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. ஜூனெல் ஃபார்கோவில் தன் அக்காவின் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். நான் சமையலறைக் கதவைத் திறந்தேன்.

“வெர்லின், விழுந்துட்டீங்களா?”

“லேசா சறுக்கிருச்சு. இடுப்புல என்னமோ சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்.”

“நான் வரட்டுமா?”

“ஐயோ, வேண்டாம். காபி குடிச்சிட்டு இருந்திருப்பீங்க.”

“குடிச்சாச்சு. வந்து தூக்கி விடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு. காலுதான் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

பிறகு என்னைப் பார்த்தார். காத்திருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். ஜூலையில் அதை நான் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“சரி, உங்க இஷ்டம்” என்றேன். கதவை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். “ஆர்டிஸ், வாங்களேன்.” மூன்றாவது தடவை நான் கேட்காமலே இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு தடவையும் கூப்பிட்டார், இந்தத் தடவை சத்தமாக. அவருக்காக எனக்கே கூச்சமாக இருந்தது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். குளிருக்காக மூடுகிற பள்ளிக்கூடங்களின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நீளமான பட்டியல். திரையையும் இழுத்துவிட்டேன், பறவைகள் எதுவும் வராததால்.

பதினொன்றரைக்குத் தபால்காரர் பார்த்தார். அடக்கத்துக்கு நான் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பெரிய தட்டு கொண்டுபோனேன். மிச்சமில்லாமல் காலியானது என்னுடையது மட்டும்தான்.

அவ்வளவுதான் விஷயம். மே மாதம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முழுசாக இருக்கட்டும்.

பாத்திக்குப் போனேன். இருநூற்றுச் சொச்சம் நாற்றில் பதினொன்று எழுந்திருந்தது. மற்றதெல்லாம் விரல் வைத்தால் உள்ளே போகிற கூழ். வேலிக்கு அந்தப் பக்கம் வெர்லினின் செடிகள் ஒன்றுவிடாமல் முளைத்து நின்றன. ஜூனெல் வேலிக்கு வந்தாள்.

“என்னடி ஆர்டிஸ், உன் பாத்தி இப்படிக் கெடக்கு?”

“இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி.”

“குளிர் எந்த வருஷம் கம்மி? பனி அள்ளிப் போட ஆளில்ல, அதான்.”

“யாரு அள்ளிப் போட்டா?”

“நெசமாவே தெரியாதா? தெருவுல எவன் தும்முனாலும் உனக்குத் தெரியும்! அந்த மனுசன் இருபது வருசமா வண்டி வண்டியாத் தள்ளிட்டு வந்து உன் பக்கம்தானடி கொட்டுவாரு. ‘நம்மளது அம்மணமாக் கெடக்கட்டும், பாக்கலாம்’பாரு. உங்கிட்ட மூச்சு விடக் கூடாதாம். ‘தெரிஞ்சா அவ வீட்ட வித்துட்டுப் போயிருவா’ன்னு சிரிப்பாரு. அன்னிக்கும் பனி பத்தலைன்னுதான்...”

அப்படியே குனிந்தாள். மண்வாரியை எடுத்து ‘ஜூனெல் ஜனவரி’யைக் கிளறி, வேரோடு ஒரு பங்கு பிரித்தாள்.

“இந்தா, வெச்சுக்க.”

வேண்டாம் என்றேன்.

“உங்க ரெண்டு பேரு செடிதானடி இது.”

பரவாயில்லை, வேண்டாம் என்றேன்.

“வாங்கிக்கடி ஆர்டிஸ்.”

வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் முறை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

என் செடிகள் செத்ததற்குக் குளிர்தான் காரணம். அவர் கொட்டிய பனி பெரிதாக ஒன்றும் உதவியிருக்காது. முப்பத்தொரு வருஷமாக மூடாக்கு இல்லாமல் வளர்த்தவள் நான். அந்த வரியை மாற்றச் சொல்லிச் சங்கத்துக்கு நான் எழுதப்போவதில்லை.

உங்கள் அறிக்கையைத்தான் மாற்ற வேண்டும். ஆர்டிஸ் க்வாமே அருகில் இருந்தாள் என்று எழுதுங்கள். பார்த்தாள், கேட்டாள், இரண்டு தடவை வரட்டுமா என்றாள். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் அவர் வாங்க என்றிருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அந்த வெள்ளை என் பக்கத்தில் மொட்டு விட்டிருக்கிறது. நாளைக் காலை விரியும், ஒரே நாள்தான். பத்து மணிக்குள் யாராவது போனால் நல்லது. மகரந்தம் தடவுகிற தூரிகை ஜன்னலோரம், பைனாகுலருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த ஃபிளாஸ்கில் காபி இன்னும் இருக்கிறதா?