இருநூற்றுப் பதினான்கு மிஸ்டு கால்

— வீராயி அக்கா, அந்த மோட்டார் ரூம் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. லேப்டாப்புல வெயில் அடிக்குது, ஒண்ணும் தெரியல.

— சாத்திட்டேன். கிணத்துப் பெட்டிக்கு உசிரு இருக்கா, ஜெஸ்லின்?

— இருக்கு. பேட்டரிதான் செத்துப்போச்சு. ஒரு மாசம் வரணும், நாலே நாள்ல காலி. இப்ப புதுசு மாட்டியிருக்கேன்.

— என் கொழுந்தன் தங்கையன் சாயங்காலம் இதைப் புடுங்கிட்டு வந்து உங்க அரியமங்கலம் கம்பெனி வாசல்ல வீசுறேன்னு சொல்லிட்டுத்தான் சந்தைக்குப் போயிருக்காரு.

— அதான் விடிஞ்சதும் பஸ் ஏறி ஓடி வந்தேன். இந்த ஒண்ணு திரும்பி வந்தா, வாங்கறதா சொன்ன அறுபது பேரும் பின்வாங்கிடுவாங்க. எங்க மொதலாளி பெனடிக்ட் சார் என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாரு.

— கிணத்துல தண்ணி எத்தனை அடின்னு சொல்றதுக்கு இவ்வளவு பேட்டரி குடிக்குமா?

— சொல்லிட்டுத் தூங்கிடும்க்கா. தூக்கத்துல செலவு கம்மி. ஆனா உள்ள சிம் போட்ட மோடம் ஒண்ணு இருக்கு. பெட்டி தூங்கினாலும் அது மட்டும் ஒரு காதைத் திறந்து வச்சிருக்கும். மிஸ்டு கால் வந்தா பெட்டியை எழுப்பும். பெட்டி தண்ணி மட்டத்தை மெசேஜா அனுப்பும்.

— நல்ல ஏற்பாடுதானே தாயி.

— ஒரு நாளைக்கு ரெண்டு கால் வரும்னு நெனச்சு நான்தான் அப்படி எழுதினேன். முந்தாநேத்து மட்டும் எத்தனை வந்திருக்கு தெரியுமா? இருநூத்திப் பதினாலு.

— ஆத்தாடி. யாரு அந்தக் கிறுக்கு?

— எல்லாம் ஒரே நம்பர். கடைசியில நாப்பத்தேழு.

— கொழுந்தனேதான்.

— புகார் குடுத்தவரேவா?

— இது பங்குக் கிணறு தாயி. ஒரு நாள் தண்ணி அவரு முறை, மறுநாள் என் முறை. அவரு நாளன்னிக்கு நான் மோட்டாரைப் போட்டுடுவேன்னு சந்தேகம். நாலு நிமிசத்துக்கு ஒருக்கா பெட்டியை எழுப்பி, தண்ணி எறங்குதான்னு பாக்குறாரு. சோறு திங்கறப்பகூட எடது கையில போனு.

— உங்களைப் போயா?

— நீயே சொல்லு. இது திருடற மூஞ்சியா?

— பாவம்க்கா நீங்க.

— அதை விடு. எப்படிச் சரி பண்ணப்போற? அவரு போனை ஒளிச்சு வச்சுடவா?

— வேணாம். பெட்டி தூங்கப் போறப்ப மோடத்துக்குப் போற கரண்டையே நிறுத்திடுறேன். அந்தக் காதும் மூடிடும்.

— நிறுத்து. இதுல என்ன யோசனை?

— வெடுக்குனு நிறுத்தினா, எழுந்தப்புறம் டவர் கெடைக்காமத் திணறும். மொதல்ல 'கெளம்பு'ன்னு சொல்லணும். அது சாமானெல்லாம் எடுத்து வச்சுட்டு 'சரி'ங்கணும். அப்புறந்தான் கரண்டை நிறுத்தணும்.

— மருமகனை ஊருக்கு அனுப்புற மாதிரி.

— அதேதான். கொஞ்சம் இருங்க... ஆச்சு. பத்து மணி மெசேஜும் போயிடுச்சு, தூங்கிடுச்சு. இப்ப கூப்பிட்டுப் பாருங்க.

— சுவிட்ச் ஆஃப்ங்குறா ஒருத்தி.

— அப்பாடா. இனிமே ஒரு மாசம் தாராளமா ஓடும்.

— அவரு கேட்டா என்னன்னு சொல்ல?

— கூப்பிடவே வேணாம், அதுவா எழுந்து மெசேஜ் அனுப்பும்னு சொல்லுங்க. காலையில ஆறு, பத்து. அப்புறம் ரெண்டு, சாயங்காலம் ஆறு.

— நடுவுல?

— நல்ல தூக்கம். நாப்பத்தேழு நம்பர்காரர் தலைகீழா நின்னாலும் எழும்பாது.

— ரெண்டு மணிக்கு எழுந்துக்கறப்ப தண்ணி கொறைஞ்சிருந்தா?

— கொறைஞ்சிருக்குன்னு சொல்லும்.

— யாரு எறைச்சதுன்னு?

— அது எப்படிக்கா சொல்லும்? அதுக்கு மட்டம் மட்டுந்தான் தெரியும்... அக்கா, எதுக்கு சுவிட்ச் பக்கம் போறீங்க?

— மணி பத்தே கால்தானே ஆச்சு. நீ சத்தம் போடாம வயரைச் சுருட்டு தாயி, இன்னிக்கு அவரு முறை.