பி டீமில் ஓர் இடம்

ஏசி காற்று நேராகக் கழுத்தில் படுகிறது, அருணா மேடம். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். உங்கள் விசாரணைக் குழு என்னை ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டது. இன்று நானாகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் முடிவில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும்.

நம் கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பாலில் ஏ டீம், பி டீம் என்று இரண்டு உண்டு. நான் முதல் வருடத்திலிருந்து பி டீமில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றால், பெஞ்சில். துபாய் சத்வாவில் தையல் கடை வைத்திருக்கும் என் வாப்பா, "ஒரு ஆட்டமாச்சும் ஆடிக் காட்டும்மா, கடையை அடைச்சிட்டு வந்து பாக்குறேன்" என்பார். இது என் கடைசி வருடம். இந்த முறை முதல் ஐவரில் என் பெயர் இருந்தது.

அப்போதுதான் சுஷ்மிதாவை ஏ டீமிலிருந்து கீழே இறக்கினார்கள். முதல் வருட மாணவி. ஏ டீமில் மூன்று ஆட்டம் ஆடியவர் பி டீமுக்குத் திரும்ப முடியாது என்பது விதி. அவள் ஆடியது இரண்டுதான் என்றார் கோச் ரம்ஸியா மிஸ். நான் மறுக்கவில்லை. விதி விதிதான். என் இடம் அவளுக்குப் போனது.

அவளை எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும். பயிற்சி முடிந்து அல் குசைஸுக்கு ஒரே டாக்சியில்தான் போவோம். அவள் அங்கே ஹாஸ்டலில் இருந்தாள், என் வீடும் அங்கேதான். அவளுக்கு ஆஸ்துமா. ஆஸ்துமா உள்ளவர்கள் ஆட்டத்துக்கு முன் இன்ஹேலரைக் கோச்சிடம் காட்ட வேண்டும், காட்டாதவர் அன்று ஆடத் தகுதியில்லை. இந்த விதியைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன், விளையாட்டுக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருந்த நான். பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துச் செய்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று ஆட்டம் அபுதாபியில், திறந்தவெளி மைதானம். காலையிலேயே மணற்காற்று, வானம் டீ நிறத்தில் இருந்தது. பஸ்ஸில் சுஷ்மிதா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் பை எங்கள் காலடியில். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து இன்ஹேலரை எடுத்து என் டிராக் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அந்தத் தூசியில் அவள் ஆடாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. ஆட்டத்துக்கு முன் மிஸ் கேட்பார், இவளால் காட்ட முடியாது, இவள் உட்காருவாள், நான் இறங்குவேன். யாருக்கும் கெடுதல் இல்லை.

மிஸ் கேட்டார். "இன்ஹேலர் இருக்கா சுஷ்மி?"

"பையில இருக்கு மிஸ்."

"சரி, போ."

நான் குறுக்கிட்டேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். "மிஸ், எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ரூல் அப்படித்தானே?" என்றேன்.

"அவ பொய் சொல்ல மாட்டா நஸீஹா. யல்லா, நேரமாச்சு."

அவள் இறங்கினாள். நன்றாகவே ஆடினாள். இரண்டாவது குவார்ட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மிஸ் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, "நஸீஹா, நீ போ" என்றார். நான் போனேன். வாப்பா வேலியோரம் நின்று கை அசைத்தார். என் முதல் பந்தே கூடையில் விழுந்தது.

பெஞ்சில் சுஷ்மிதா பையைத் துழாவுவது தெரிந்தது. "நஸீஹாக்கா" என்று கூப்பிட்டாள். சத்தம் அதிகம் வரவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. பந்து என் கையில் இருந்தது. ஆட்டத்தின் நடுவே நடுவரைக் கேட்காமல் வெளியே போக முடியாது.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு ஓடிப் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். "அக்கா, இங்கதான் வச்சேன்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். மண்டியிட்டபோது பாக்கெட்டில் இருந்தது தொடையில் அழுத்தியது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காமல் இல்லை. கொடுத்தால் அது என்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது முறையல்ல. முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸிலும் நான்தான் கூடப் போனேன்.

அவளுடைய அப்பாவுக்கு அபுதாபி முசஃபாவில் வேலை, குடும்பமும் அங்கேதான். மகளின் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, செய்தி கேட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராக்கம்மா என்று பெயர். டாக்டர் வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லி முடித்த பிறகும் என் கையை அவர் விடவில்லை. "நீயாச்சும் எம்புள்ள பக்கத்துல இருந்தியே தாயி" என்றார். எனக்கும் அழுகை வந்தது.

பையை அவரிடம் ஒப்படைக்கும் முன் இன்ஹேலரை உள்ளே, துண்டின் மடிப்பில் வைத்தேன். பிறர் பொருளை நான் வைத்துக்கொள்வதில்லை.

அங்கேதான் இந்தப் பிழை வந்தது. இன்ஹேலர் பையிலேயே இருந்தது, பதற்றத்தில் அவள் சரியாகத் தேடவில்லை, ஆகவே அவள் ஆடத் தகுதியானவள், மிஸ் மேல் குற்றமில்லை, இந்த விதியால் ஒரு பயனும் இல்லை, எடுத்துவிடலாம். உங்கள் முடிவு அதுதானே? கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் கவனக்குறைவானவள் இல்லை, மேடம். அவளைப் பற்றி அப்படிச் சொல்வது பெரிய அநியாயம். அந்த விதியிலும் ஒரு குறையும் இல்லை. அன்று அதைக் கடைப்பிடித்திருந்தால் அவள் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கை தட்டிக்கொண்டிருப்பாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சுஷ்மிதாவின் இன்ஹேலரை எடுத்தது நான். அவள் கேட்டபோது கொடுக்காமல் இருந்தது நான். பிறகு பைக்குள் வைத்ததும் நான். போலீஸிடமும் இதையே சொல்வேன், கையெழுத்துப் போடுவேன்.

ஆனால், தகுதியில்லாத ஒருத்தியை ஆட்டத்தில் இறக்கியது நான் இல்லை.