நான் அழித்தது என் பெயரை மட்டும்

பெயர் ரமாபாய், வயது 59, தகப்பனார் பெயர் கோதண்டம் (காலமாகிவிட்டார்), விலாசம் எம்.கே.பி. நகர், சென்னை. ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியை.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என் துறை அறிவியல் வரலாறு. ராயபுரம் கடற்கரையில் 1886 முதல் பதினோரு வருடம் தினமும் கடல்மட்டத்தை அளந்து எழுதிய பதிவேடு ஒன்றைப் பற்றி 2003-இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டேன். அட்டையில் கேப்டன் ஹாப்வெல் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் இருந்ததால் அளந்தவரும் அவரே என்று எழுதினேன். 1891 மார்ச் 9 முதல் மூன்று நாள் மட்டும் அளவு இல்லாததற்கு 'கருவிப் பழுது' என்று காரணம் எழுதினேன். அது எந்தக் காகிதத்திலும் இல்லாதது, நானாக எழுதியது. அந்தக் கட்டுரையால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதுவரை 161 ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என் மற்ற கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட அதில் பாதி வராது.

அதன் பிறகு 2022-இல் ராயபுரத்தில் ஒரு கூட்டத்தில் இதைத் தமிழில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் கல்மண்டபத்தில் மீன் விற்கும் சிலுவையம்மாள் என்னிடம் வந்து, "மிஷின் ரிப்பேருன்னு சொன்னியே மேடம், மிஷினு நல்லாத்தான் இருந்துச்சு. அத்த அளந்து எயுதுன எங்க பூட்டனோட கொயந்த செத்துப்பூட்ச்சு, அதான் எயுதல" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருந்தாலும் மறுநாள் அவருடன் தேவாலயத்துக்குப் போய் அடக்கப் புத்தகத்தைப் பார்த்தேன். 1891 மார்ச் 9-இல் மகள் அந்தோணியம்மாள், வயது இரண்டு, அடக்கம் என்றும், தகப்பன் சிலுவைமுத்து, தொழில் 'கடல் அளவு எழுதுகிறவர்' என்றும் இருந்தது. அதன் பிறகு ஆவணக் காப்பகத்தில் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஹாப்வெல் பதினான்கு மாதம் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தபோதும் அதே கையெழுத்தில் ஒரு நாள் விடாமல் அளவு இருந்தது. அந்தக் கையெழுத்தை 2003-லேயே பார்த்தவள் நான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே அவருக்குப் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். அவர் மகளான நானே அட்டையைப் பார்த்து ஏமாந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அதன் பிறகு திருத்தம் எழுதி, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பினேன். இத்தனை வருடம் கழித்துத் திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு இதழ், அடக்கப் புத்தகம் அறிவியல் ஆதாரம் ஆகாது என்று திருப்பி அனுப்பியது. நானாகக் கட்டிய கருவிப் பழுது மட்டும் எப்படி ஆதாரம் ஆனது என்று கேட்டு எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை.

இந்த நிலையில், சென்ற மாதம் திருவொற்றியூரில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து எனக்கு அழைப்பிதழ் வந்தது. அங்கே கருங்கல் பலகையில் 'கேப்டன் ஹாப்வெல் கூடம்' என்று செதுக்கி, அடியில் 'ஆதாரம்: பேராசிரியை ரமாபாய், 2003' என்று போட்டிருந்தார்கள். நானும் சிலுவையம்மாளும் நேரில் போய்ச் செயலாளர் பக்தவச்சலத்திடம் எல்லா நகல்களையும் காட்டினோம். அவர் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். "நூத்தி அறுபத்தொரு பேர் ஒத்துக்கினத நீங்க ஒருத்தர் தப்புன்னா எப்படி மேடம்?" என்று கேட்டார். அத்தனை பேரும் நம்பியது என்னைத்தான், அந்த நானே சொல்கிறேன் என்றேன். கல் செதுக்கியாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் சிலுவையம்மாள், "வுடு மேடம், எங்களுக்கு இன்னா புதுசா?" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு 14.08.2024 காலை பத்தரை மணிக்கு, குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே போய், கல்லில் இருந்த என் பெயரின் எழுத்துக் குழிகளையும் வருடத்தையும் அடைத்து மட்டமாகத் தேய்த்துவிட்டேன். ஹாப்வெல் பெயரில் என் கை படவில்லை. காவலாளி காலித், "இன்னா மேடம், சொந்தப் பேரையே மூடிகினு கீறீங்கோ?" என்று கேட்டார். பொய்க்குச் சாட்சியாக என் பெயர் நிற்க வேண்டாம் என்று சொல்லி, செயலாளருக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் ஓடவில்லை.

செயலாளர் கொடுத்த புகாரின் பேரில் இங்கே வந்தபோது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சமாதானமாகப் போகலாம் என்று காவல் உதவி ஆய்வாளர் வில்சன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தெரியாமல் பெயரை மாற்றி எழுதியது 2003-இல். இப்போது செய்தது தெரிந்தே செய்தது.

இதை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டியபோது, மேலே 'ஒரு குழந்தை அடக்கம்' என்று மட்டும் இருந்தது. அதை அடித்து, 'மகள் அந்தோணியம்மாள், வயது இரண்டு' என்று எழுதக் கேட்டேன். எழுத்தர் மறுபேச்சில்லாமல் எழுதினார், ஓரத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். இந்த விஷயத்தில் நான் கேட்ட திருத்தம் ஒன்றை ஏற்றுக்கொண்ட முதல் இடம் இந்தக் காவல் நிலையம்.

இதில் கண்டவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்) கோ. ரமாபாய்
14.08.2024